வேலூரில் மனைக்கு மண் பரிசோதனை: களப்பணி நேர்த்தி, அறிக்கையில் அலட்சியம்

காட்பாடியை ஒட்டி, ஏரிக்குக் கீழ்ப்புறமாக உள்ள எங்கள் மனையில் மாடி வீடு கட்டுவதற்கு முன், பொறியாளரின் வற்புறுத்தலால் வேலூரில் இயங்கும் ஒரு மண் பரிசோதனை நிறுவனத்தை அமர்த்தினோம். "நம்ம ஊர்ல அஞ்சடி தோண்டினா பாறைங்க, இதுக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்று மேஸ்திரி கேட்டதில் பாதி நியாயம் உண்டு, இந்த வட்டாரத்தின் அடியில் கிடப்பது பெரும்பாலும் கடினப் பாறைதான். ஆனால் அது எந்த ஆழத்தில், எவ்வளவு சிதைந்து கிடக்கிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும்.

களப்பணியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளைகள் இட்டு, கம்பியில் சாக்பீஸால் 15 செ.மீ. இடைவெளியில் கோடு போட்டு, 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது, அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்பதே மண்ணின் உறுதிக்கு அளவுகோல். மேலே யாரோ கொட்டிய இடிபாட்டு மண், அதன்கீழ் மூன்று மீட்டர் வரை 6 முறை அடித்ததுமே கம்பி இறங்கிவிட்ட களிமண், அதற்கும் கீழே 50 முறை அடித்தும் முழுதாக இறங்காத சிதைந்த பாறை. அந்தக் களியைச் சலித்து, பத்துப் பத்து கிராமாக ஒரு குடுவையில் தண்ணீரிலும் இன்னொன்றில் மண்ணெண்ணெயிலும் ஒரு நாள் ஊறவைத்ததில், மண்ணெண்ணெயில் உப்பாமல் 12 மி.லி. நின்றது தண்ணீரில் 19 ஆகியிருந்தது. மழையில் உப்பி, கோடையில் சுருங்கிச் சுவரைப் பிளக்கும் மண் அது. கடைக்காலைப் பாறைவரை இறக்கச் சொன்ன பரிந்துரை சரியானதே.

அறிக்கையின் நிலத்தடி நீர்ப் பகுதிதான் ஏமாற்றம். மே மாதம் அளந்துவிட்டு, நீரால் பாதிப்பில்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்த ஊரில், பக்கத்துக் கிணற்றில் ஐப்பசி, கார்த்திகையில் நீர் எங்கே நிற்கும் என்றுகூட விசாரிக்கவில்லை. நீர்மட்டம் கடைக்கால்வரை ஏறினால் மண் தாங்கும் சுமை ஏறக்குறைய பாதியாகக் குறையக்கூடும் என்பது இத்துறையில் அரிச்சுவடி. போதாக்குறைக்கு, மண் விவரத்தில் 'கடலோர மணல்' என்றிருந்தது. வேறெந்த ஊர் அறிக்கையிலிருந்து ஒட்டினார்களோ! பொறியாளர் எழுதிக் கேட்டபின், மழைக்கால மட்டத்தைக் கணக்கில் கொண்டு, தாங்குதிறனைக் குறைத்துத் திருத்தித் தந்தார்கள். கூடுதல் கட்டணம் கேட்கவில்லை.

நீரில் குளோரைடு, சல்பேட் அளவைப் பார்ப்பது அடிப்படைக் கட்டணத்தில் சேரவில்லை. தோல் தொழிற்சாலைகள் உள்ள ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் கட்டுகிறவர்கள் அதையும் தனியாகப் பணம் கட்டிச் செய்துகொள்வது நல்லது. கம்பி துருப்பிடிப்பதும் கான்கிரீட் அரிப்பதும் அந்த உப்புகளால்தான்.