அதிகாரப் பத்திரமா, நீதிமன்றக் காப்பாளரா?

வீட்டில் ஒருவருக்கு மறதிநோய் வந்து, அவர் பணம், சொத்தை வேறொருவர் கவனிக்க வேண்டியிருக்கிறதா? ஆரம்பக் கட்டம் என்றால் அதிகாரப் பத்திரம்தான் (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அவர் எழுதித் தருவது) மலிவு. ஆனால் யாருக்கு என்ன அதிகாரம் தருகிறோம் என்பது கையெழுத்திடும் நேரத்தில் நோயாளிக்குப் புரிய வேண்டும். தெளிவாக இருக்கும் வேளையைப் பாருங்கள். அன்றைய தேதியிலேயே மருத்துவர் சான்றும் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் கூடப்பிறந்தவர்களே வழக்குப் போடக்கூடும். 'புரிதல் போன பிறகும் செல்லும்' என்ற வாசகம் இல்லாத பத்திரம், தேவைப்படும் நேரத்தில் பல இடங்களில் செல்லாது. அந்த வாசகத்தையே ஏற்காத நாடுகளும் உண்டு, முதலில் விசாரியுங்கள்.

புரிதல் போய்விட்டால் பெரும்பாலும் நீதிமன்றம்தான் அவர் சார்பில் முடிவெடுக்கக் காப்பாளரை நியமிக்க வேண்டும். மனு, மருத்துவ அறிக்கை, உறவினர்களுக்கு நோட்டீஸ், விசாரணை. நியமனமானபின் காப்பாளர் வரவுசெலவுக் கணக்கு வேறு காட்ட வேண்டும். செலவை ஏற்றிவிடுவது உறவினர் எதிர்ப்பு. அவர்களிடம் சம்மதக் கடிதம் முன்பே வாங்குங்கள். இலவசச் சட்ட உதவி, கட்டண விலக்கு இரண்டையும் கேளுங்கள். ஓய்வூதியம் மட்டும்தான் வருமானமா? அதைப் பெற்றுச் செலவழிக்கப் பிரதிநிதியை ஓய்வூதிய அலுவலகமே நியமிக்குமா என்று கேட்டபிறகு வக்கீலைத் தேடலாம்.