பினாங்கு பெலாச்சான்: சௌராஸ்தா சந்தையில் வாங்கும் கட்டி எப்படி?

பெலாச்சான் என்பது கூனி இறாலைப் புளிக்கவைத்துச் செய்யும் கட்டி. ஜார்ஜ் டவுன் சௌராஸ்தா சந்தைப் பக்கம் கிடைக்கும் உள்ளூர் பெலாச்சான், பேரங்காடிப் பொட்டலத்தைவிட எனக்கு ஒரு படி மேல். நல்ல கட்டி பழுப்பு நிறம். கண்ணைப் பறிக்கும் சிவப்போ ஊதாவோ என்றால் சாயம் சேர்த்திருக்கலாம். விரலால் அழுத்தினால் இறுக்கமாக இருக்க வேண்டும். கூனியும் உப்பும் மட்டுமே போட்டு, புளிக்கவைத்து, இடித்து, வெயிலில் காய வைத்தது என்பதால் வாசம் கடுமையாகத்தான் இருக்கும். ஆனால் அழுகல் நெடி கூடாது.

இதன் அருமை, மிளகாயோடு இடிக்கும் சம்பலில்தான் தெரியும். அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, எண்ணெய் இல்லாத சட்டியில் சிறுதீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் வாட்டுங்கள். கட்டியாக வைத்தால் வெளியே கருகும், உள்ளே பச்சை வாடை நிற்கும். தொட்டால் உதிர வேண்டும், அதுதான் பதம். 10 சிவப்பு மிளகாய்க்கு ஒரு மேசைக்கரண்டி போதும். கல்லில் இடித்து, லிமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையின் சாறும் ஒரு சிட்டிகைச் சீனியும் சேருங்கள். மிக்ஸியில் தண்ணீர் விட்டு அரைத்தால் கூழாகிவிடும், பாவம் அந்தப் பெலாச்சான்!

குறை? உப்பு தூக்கல். இதைப் போட்டுக் கங்கோங் கீரை பிரட்டும்போது உப்பைக் கடைசியில் ருசி பார்த்தே போடவும்.

லக்சா நூடுல்ஸ்மேல் ஊற்றும் கறுத்த, இனிப்பான இறால் விழுதான ஹே கோ வேறு. அதற்குப் பதில் இதைப் போட வேண்டாம். கண்ணாடிப் போத்தலில் இறுக மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள், இல்லையென்றால் பாலுக்கும் அந்த வாசம் ஏறிவிடும்.