சத்தமில்லாமல் வேலை மாற: டாக்ஸில் மூத்தவர்களுக்கு எந்த வழி தோது?

டாக்ஸ் ஹெட், டாக்ஸ் டைரக்டர், பார்ட்னர் என்ற நிலைக்கு வந்துவிட்டவர் வேலை தேடுவதும் மற்றவர்கள் தேடுவதும் ஒன்றல்ல. பெரிய நிறுவனம் ஒன்றில் விற்பனை மேலாளர்கள் பல பேர் இருப்பார்கள். வரிப் பிரிவுக்குத் தலைவர் ஒரே ஒருவர். அவர் வெளியே பார்க்கிறார் என்று காதில் விழுந்தால், நிதித் தலைவரான சிஎஃப்ஓவுக்கு முதலில் நினைவுக்கு வருவது நிலுவையில் இருக்கும் வழக்கும் ஆண்டு முடிவுக் கணக்கும்தான். வேறு வேலை கைக்கு வருவதற்குள் இருக்கிற இடத்தில் நம்பிக்கை போய்விடும்.

நான் தேடிக்கொண்டிருந்தபோது, நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் ரெக்ரூட்டர் ஒருவர், "சிவில உங்க பேரை எடுத்துட்டுத்தான் சார் அனுப்புவோம்" என்றார். அனுப்பும் முன் எனக்கு ஒரு தடவை காட்டுங்கள் என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். என் பெயர் இல்லை, நிறுவனத்தின் பெயரும் இல்லை. ஆனால் இரண்டாவது பத்தியில், இரண்டு நாட்டு வரித்துறைகளோடு பேசி முடித்த ஒரே குழுமத்து நிறுவனங்கள் தங்களுக்குள் வைக்கும் விலைக்கான முன்கூட்டிய விலை நிர்ணய ஒப்பந்தம், அது எந்தத் தொழில், எந்த வருடம் என்று எல்லாமே இருந்தது. டிரான்ஸ்ஃபர் பிரைசிங் என்கிற இந்த வேலையில் பத்து வருடம் இருப்பவர் அதைப் படித்தால் யாரென்று சொல்லிவிடுவார். சந்தேகத்தோடு கோப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தேன். எழுதியவர் என்ற இடத்தில் என் முழுப் பெயர்!

அன்றிலிருந்து ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: நான் சரி என்று சொல்வதற்கு முன்பே இது எத்தனை பேர் கைக்குப் போகும்? சம்பளம், வேகம், வாய்ப்புகளின் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டு வகை ரெக்ரூட்டர்கள்

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். வித்தியாசம் அவர்களுக்குப் பணம் எப்படி வருகிறது என்பதில் இருக்கிறது.

முதல் வகை கன்டிஞ்சென்சி. அவர்கள் அனுப்பிய ஆள் வேலையில் சேர்ந்தால்தான் கட்டணம். முதல் வருடச் சம்பளத்தில் 20 முதல் 25 சதவீதம் என்பது பரவலான வழக்கம். ஒரே பதவிக்கு மூன்று, நான்கு ஏஜென்சிகள் ஓடும். யார் அனுப்பிய சிவி முதலில் போய்ச் சேர்ந்ததோ அவருக்கே கட்டணம். அதனால் உங்களைக் கேட்பதற்கு முன்பே அனுப்பிவிடும் ஆசை அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. இதில் ஆளின் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு ஏஜென்சிகள் உங்கள் சிவியை ஒரே நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டால், கட்டணத் தகராறு வேண்டாம் என்று அந்த நிறுவனம் உங்களையே ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது வகை ரிடெய்ன்ட் தேடல். ஆளைத் தேடும் நிறுவனம் முன்பணம் கொடுத்து ஒரே ஒரு தேடல் நிறுவனத்திடம் பொறுப்பை ஒப்படைக்கும். வழக்கமாக முதல் வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. தொடக்கத்தில் கொஞ்சம், பட்டியல் தயாரானதும் கொஞ்சம், முடிவில் மிச்சம் என்று தவணையாக வரும். போட்டிக்கு ஆள் இல்லாததால் சிவியை அவசரமாகத் தள்ள வேண்டிய தேவை அவருக்கு இல்லை. முதலில் உங்களோடு பேசுவார், நிறுவனத்தின் பெயரைச் சொல்வார், நீங்கள் சம்மதித்த பிறகு நான்கைந்து பேர் கொண்ட பட்டியலில் சேர்ப்பார்.

இதிலும் குறைகள் உண்டு. அவர் வேலை செய்வது அந்த நிறுவனத்துக்காக, உங்களுக்காக இல்லை. பொருத்தமான பதவி ஒன்று அவர் கைக்கு வரும்வரை உங்கள் பெயர் கோப்பில் தூங்கும். அப்புறம், தன் வாடிக்கையாளர் நிறுவனங்களிலிருந்து ஆள் எடுப்பதில்லை என்று தேடல் நிறுவனங்கள் கட்டுப்பாடு வைத்திருக்கும். அதனால் முதல் அழைப்பிலேயே, சிவி கொடுப்பதற்கு முன், "எங்க கம்பெனி உங்க கிளையன்டா?" என்று கேட்டுவிடுங்கள். ஆம் என்றால் அந்தப் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

என் தீர்ப்பு இது. டாக்ஸ் ஹெட் பதவிக்கு ரிடெய்ன்ட் தேடல்தான். சீனியர் மேனேஜர் மட்டத்தில், டாக்ஸ் மட்டுமே பார்க்கும் கன்டிஞ்சென்சி ஆட்கள் உண்மையிலேயே நன்றாகச் செய்கிறார்கள். சந்தையில் எந்தக் குழு ஆட்டம் கண்டிருக்கிறது, எங்கே புது இடம் வரப்போகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "ஒவ்வொரு முறையும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, நான் மெயிலில் சரி என்று எழுதிய பிறகே அனுப்ப வேண்டும்" என்று முதல் நாளே எழுதிக் கேளுங்கள். தயங்குகிறவரோடு வேலை செய்ய வேண்டாம்.

லிங்க்ட்இன்

வேலைக்குத் தயார் என்பதை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. 2020-ல் வந்த, புரொஃபைல் படத்தைச் சுற்றித் தெரியும் பச்சை வளையம் போல அது ஊருக்கே தெரியாது. ஆனால் உங்கள் நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களிடமிருந்து மறைக்க முயல்வதாகவும், முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றும் லிங்க்ட்இன்னே சொல்கிறது. உங்கள் எச்ஆர் பயன்படுத்தும் வெளி ஏஜென்சிக்காரரும் ஒரு ரெக்ரூட்டர்தானே? நான் அதைத் தொடுவதில்லை. அதைவிட, வேலை தேடாத காலத்திலேயே புரொஃபைலை ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம். மாற்றங்களை எல்லோருக்கும் அறிவிக்கும் அமைப்பை முதலில் அணைத்துவிடுங்கள். மூன்று வருடம் தொடாத பக்கம் ஒரே ராத்திரியில் புதுப் படம், புதுத் தலைப்பு என்று மாறினால் சக ஊழியர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

நிறுவனத்தின் பெயரை மறைத்து வரும் விளம்பரங்களை நேராகத் தவிர்க்கலாம். பெயர் தெரியாத அந்த முதலாளி உங்கள் இப்போதைய முதலாளியாகவே இருக்க வாய்ப்பு உண்டு.

பழைய சகாக்கள்

தரத்தில் இந்த வழிக்கு ஈடு இல்லை. உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் சொல்லும் ஒரு வார்த்தை பத்துப் பக்க சிவிக்குச் சமம். டெலாய்ட், பிடபிள்யூசி, ஈஒய், கேபிஎம்ஜி என்று ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தில் தொடங்கி, பிறகு தொழில் நிறுவனங்களுக்குப் போனவர்கள் இந்தத் துறையில் ஏராளம். அவர்கள் ஒருவரோடொருவர் தொடர்பை விடுவதே இல்லை.

ஆபத்தும் அங்கேதான். நான் ஒரே ஒரு பழைய நண்பரிடம் மட்டும் சொன்னேன். சில வாரங்கள் கழித்து ஒரு மாநாட்டின் இடைவேளையில், எனக்கு அரைகுறைப் பழக்கமுள்ள ஒருவர் பக்கத்தில் வந்து, "என்ன சார், மாறப்போறீங்களாமே?" என்றார். பின்னால் என் டீமில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நண்பர் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. எனக்கு உதவத்தான் நாலு பேரிடம் விசாரித்திருக்கிறார். "ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று நான் கேட்டதே தப்பு. அந்த வாக்கியம் அவரை நாலு கதவு தட்ட அனுப்பிவிட்டது. இப்போது கேட்பதாக இருந்தால், அவர் இருக்கும் நிறுவனத்தைப் பற்றி மட்டும் கேட்பேன்: உங்கள் டாக்ஸ் டீம் எப்படி இருக்கிறது, யாருக்கு ரிப்போர்ட் செய்கிறீர்கள் என்று. ஆர்வம் இருந்தால் அவரே பேச்சைத் தொடங்குவார்.

உங்கள் நிறுவனத்துக்கு இப்போது ஆலோசனை சொல்லும் வெளி நிறுவனத்தின் பார்ட்னரிடம் மட்டும் இதைப் பேச வேண்டாம். உங்கள் நிறுவனம்தான் அவருக்குக் கட்டணம் கொடுக்கிறது. உங்கள் ரகசியத்தை அவர் தலையில் ஏற்றுவது அவருக்கும் சங்கடம்.

ரகசியமே முடியாத ஒரு கதவு

நீங்கள் ஆடிட் நிறுவனத்தில் இருந்து, ஒரு வாடிக்கையாளரின் வரிக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஆடிட் குழுவிலும் இருந்தால், அந்த வாடிக்கையாளரோடு வேலைப் பேச்சு தொடங்கியதுமே உங்கள் நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். ஆடிட் நிறுவனங்கள் இப்படி ஒரு விதி வைத்திருக்க வேண்டும் என்று கணக்காளர்களுக்கான சர்வதேச நெறிமுறைக் கோட்பாடே கேட்கிறது. இங்கே மறைப்பது ஆடிட்டின் சுதந்திரத்தையே கேள்விக்குள்ளாக்கும். எத்தனை நல்ல வாய்ப்பாக இருந்தாலும், சொல்லத் தயாரான பிறகே அந்தப் பேச்சுக்குப் போங்கள்.

அதே நெறிமுறையின் ஐந்து அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று ரகசியம் காத்தல். உங்கள் ரகசியத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படும்போது முதலாளியின் ரகசியத்தை மறந்துவிடக் கூடாது. நிலுவையில் இருக்கும் தகராறு, வரித்துறையோடு நடக்கும் பேரம், தொகை எதுவும் சிவியில் வரவே கூடாது. அளவைக் காட்ட வேறு வழி இருக்கிறது. பல நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட பில்லர் டூ விதிகளின் 15 சதவீதக் குறைந்தபட்ச வரி, 75 கோடி யூரோவும் அதற்கு மேலும் ஆண்டு வருவாய் உள்ள பன்னாட்டுக் குழுமங்களுக்கானது. "பில்லர் டூ வரம்புக்குள் வரும் ஒரு குழுமத்துக்கு முழுக் கணக்கீட்டையும் அமைத்தேன்" என்று எழுதினால் நீங்கள் பார்த்த வேலை எவ்வளவு பெரியது என்று புரியும். அப்படிப்பட்ட குழுமங்கள் உலகில் ஆயிரக்கணக்கில் இருப்பதால் எது என்று யாருக்கும் தெரியாது. என் சிவியை நான் அப்படித்தான் மாற்றி எழுதினேன். கோப்பின் ப்ராப்பர்ட்டீஸையும் துடைத்தேன்.

எந்த வழியில் போனாலும் ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் மெயில், ஆபீஸ் காலண்டர் மூன்றையும் விட்டு விலகியிருங்கள். காலாண்டு முடிவில் வரி ஒதுக்கீடு கணக்கிடும் வாரங்களில் இன்டர்வியூ வேண்டாம். அந்த நாட்களில் டாக்ஸ் ஹெட் இரண்டு மணி நேரம் காணவில்லை என்றால் எல்லோரும் கவனிப்பார்கள்.

கடைசியில் எனக்கு வேலை வந்தது ஒரு ரிடெய்ன்ட் கன்சல்டன்ட் மூலம். இரண்டு முறை நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டார். முதல் நிறுவனத்தில் இருந்த ஒருவர் எங்கள் சிஎஃப்ஓவுக்கு நெருக்கம் என்பதால் வேண்டாம் என்றேன். விட்டுவிட்டார். இரண்டாவதற்குச் சம்மதித்தேன். அங்கே ரெஃபரன்ஸ் கேட்டபோது பழைய பாஸ் இருவரின் பெயரைக் கொடுத்தேன். இப்போதைய இடத்தில் விசாரிப்பது, ஆஃபர் லெட்டரில் கையெழுத்தாகி நான் ராஜினாமா கொடுத்த பிறகுதான் என்று சொன்னேன். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள்.