மரீனாவா, கரையோரமா, தொடர்பயணமா: நேரோபோட்டை எங்கே கட்டி நிறுத்துவது?

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் வாழ ஒரு நேரோபோட் (ஒடுங்கிய, நீளமான படகு) வாங்க ஆசைப்படுகிறவர்கள் எஞ்சின், அடுப்பு, கட்டில், ஜன்னல் என்று மாதக்கணக்கில் ஒப்பிடுகிறார்கள். உண்மையில் படகுக்குப் படகு வித்தியாசம் குறைவு. ஏழடி அகல லாக்குக்குள் (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவறை) நுழைய வேண்டும் என்பதால் எல்லாமே ஏறக்குறைய 6 அடி 10 அங்குல அகலம்தான். நீளம் 57 அடிக்குள் இருந்தால் பெரும்பாலான கால்வாய்களில் போய்வரலாம். வாழ்க்கையை மாற்றுகிற முடிவு வேறு: படகை எங்கே கட்டி நிறுத்தப்போகிறீர்கள்?

வழிகள் மூன்று. முதலாவது மரீனா. கால்வாயிலிருந்து பக்கவாட்டில் வெட்டிய குளம், மிதக்கும் நடைமேடை, கரண்ட், தண்ணீர், பூட்டிய கேட். இரண்டாவது, கால்வாய்க் கரையிலேயே ஆண்டு வாடகைக்கு ஓர் இடம். கால்வாய்களை நிர்வகிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்டிடம் எடுக்கலாம், கரையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் விவசாயியிடமும் எடுக்கலாம். மூன்றாவது தொடர்பயணம், அதாவது சொந்த இடமே இல்லாமல் நகர்ந்துகொண்டே இருப்பது. 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் இதை அனுமதிக்கிறது. லைசென்ஸ் காலம் முழுக்க உண்மையாகவே பயணம் செய்ய வேண்டும், ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, நியாயமான காரணம் இருந்தால் மட்டும் கூடுதலாக நிற்கலாம். அவ்வளவுதான் சட்டம்.

எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நீங்கள் எங்கே இருந்தாக வேண்டும்? அதற்குப் பதில் இருந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

பணக்கணக்கு

தொடர்பயணம் மலிவு என்பது உண்மை. எந்த வழியில் போனாலும் டிரஸ்டின் லைசென்ஸ், இன்சூரன்ஸ், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ் மூன்றும் கட்டாயம். மரீனாக்காரரும் கரையோரக்காரரும் இதற்கு மேல் இட வாடகை கட்ட வேண்டும். வாடகை படகின் நீளத்தைப் பொறுத்தது. மிட்லண்ட்ஸில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பவுண்டு, லண்டனில் அதைப்போலப் பல மடங்கு. நாடோடிக்கு இந்தச் செலவு இல்லை.

டிரஸ்ட் 2024 ஏப்ரலில் இடமில்லாப் படகுகளின் லைசென்ஸில் 5 சதவீதம் கூடுதலாக வசூலிக்கத் தொடங்கியது. அது ஆண்டுதோறும் ஏறி 2028இல் 25 சதவீதமாகும். தொடர்பயணிகள் இதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். எதிர்க்க நியாயமும் உண்டு. இவர்களில் பலருக்குப் படகுதான் ஒரே வீடு. ஆனால் முடிவெடுக்கும் கணக்கில் இது பெரிய தொகையாக நிற்காது. ஐம்பது அடிக்கு மேற்பட்ட படகின் லைசென்ஸ் ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டும். அதில் கால் பங்கு என்பது சில நூறு பவுண்டு. மரீனா வாடகைக்குப் பக்கத்திலேயே வராது.

காசு வேறு வழிகளில் கரைகிறது. ஓடினால் டீசல், நின்றால் பேட்டரியை நிரப்ப எஞ்சின் ஓட்டும் டீசல், ஊருக்குப் போக ரயில், முந்தின இடத்தில் விட்டுவந்த காரை எடுக்கத் திரும்பிப் போகும் அரைநாள். அந்த அரைநாளுக்கு யாரும் விலை போடுவதில்லை.

லண்டனின் ஆசை

நாடோடி வழியைத் தவறான காரணத்துக்காக எடுப்பவர்கள் லண்டனில்தான் அதிகம். வீட்டு வாடகை தாங்காமல் படகு வாங்கி, வேலைக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். நில அமைப்பும் அவர்களைத் தூண்டிவிடுகிறது. கிராண்ட் யூனியன் கால்வாயின் கௌலி லாக்கில் தொடங்கி, ஹேஸில் புல்ஸ் பிரிட்ஜில் திரும்பி, பாடிங்டன் கிளை வழியாக லிட்டில் வெனிஸ், அங்கிருந்து கேம்டன் வரை சுமார் 20 மைலுக்கு ஒரு லாக்கும் கிடையாது. நடுவில் ஆல்பர்டனில் ஈலிங் ரோடு பாலத்தின் அடியில் போகும்போது, மேலே ஏறினால் தமிழ்க் கடைகள், நடக்கும் தூரத்தில் ஈழபதீஸ்வரர் கோயில். வெம்பிளிப் பக்கம் வேலை செய்கிற நம் ஆட்களுக்கு இதைவிட வசதியான கால்வாய் எங்கே கிடைக்கும் என்றுதான் தோன்றும்.

ஆனால் ஆல்பர்டனுக்கும் அடுத்த பாலத்துக்கும் மாறி மாறிப் போனால் அது பயணம் ஆகாது. ஓராண்டில் படகு சுற்றிய பரப்பு 20 மைலுக்குக் குறைவாக இருந்தால் சட்டத்தின் நிபந்தனையை நிறைவேற்றியதாகக் கொள்வது கடினம் என்று டிரஸ்ட் சொல்லியிருக்கிறது. அதன் ஆட்கள் கரையோரப் பாதையில் வந்து படகு எண்களைக் குறித்துக்கொண்டு போகிறார்கள். போதிய அளவு நகராதவருக்கு அடுத்த முறை ஆறு மாத லைசென்ஸ்தான் கிடைக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் படகையே அகற்றும் நடவடிக்கை வரை போகும். இதற்கு மேல், நல்ல இடங்களில் 14 நாளும் கிடையாது. 24 மணி நேரம், 48 மணி நேரம், ஏழு நாள் என்று பலகை வைத்திருப்பார்கள்.

பிள்ளை பள்ளிக்குப் போகிறது என்றால் இந்த வழி வேண்டாம் என்றே சொல்வேன். முடியாது என்றில்லை, செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த வீட்டில் ஒருவருடைய முழுநேர வேலை இடம் தேடுவதுதான். மாறாக, ஓய்வு பெற்றவர்கள், எங்கிருந்தும் வேலை செய்யக்கூடியவர்கள் ஆகியோருக்கு இதுதான் அசல் படகு வாழ்க்கை. வசந்தத்தில் ஆக்ஸ்போர்டு கால்வாய், கோடையில் லாங்கொலன், இலையுதிர் காலத்தில் கென்னட் அண்ட் ஏவன். நேரம் இருக்கிறவர்களுக்காக அமைந்த வழி இது.

கரண்ட்

ஒப்பீட்டில் மரீனா தெளிவாக ஜெயிக்கிற இடம் மின்சாரம். நடைமேடைத் தூணில் பிளக்கைச் செருகினால் வாஷிங் மெஷின் ஓடும், ஹீட்டர் ஓடும். வெளியே நிற்கும் படகில் சூரியத் தகடுதான் கதி. மே முதல் ஆகஸ்ட் வரை அது தாராளமாகவே கொடுக்கும். நவம்பரில் பகல் எட்டரை மணி நேரத்துக்குச் சுருங்கி, சூரியன் மரங்களுக்கு மேலேயே வராத நாட்களில் கைபேசி சார்ஜ் ஆனாலே பெரிது. அப்போது எஞ்சின் ஓட்ட வேண்டும். பக்கத்தில் ஆட்கள் இருந்தால் இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை ஓட்டக் கூடாது என்பது லைசென்ஸ் விதி. சாதாரண ஈய அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கி இறக்கிப் பயன்படுத்தினால் சீக்கிரம் சாகும். பழக்கம் வருவதற்குள் ஒரு செட் பேட்டரியைக் காவு கொடுக்காத புதியவர் அபூர்வம்.

மரீனா கரண்டுக்கு ஒரு மறைமுக விலை உண்டு, விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. கரைமின் கம்பியில் இருக்கும் எர்த் வழியாக உங்கள் எஃகு உடலும் பக்கத்துப் படகுகளின் உடலும் ஒரே சுற்றாக இணைந்துவிடுகின்றன. தண்ணீர் நடுவில் இருப்பதால் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய பேட்டரி மாதிரி வேலை செய்யும். பாதுகாப்புக்காக அடியில் பற்றவைத்திருக்கும் மெக்னீசியம் கட்டிகள் வேகமாகக் கரையும். அவை தீர்ந்தபின் அரிப்பு எஃகிலேயே இறங்கும். இந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டரோ, அதைவிட நல்லதான ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ இல்லாத படகை மரீனாவில் ஆண்டுக்கணக்கில் செருகிவைக்காதீர்கள். படகின் அடித்தகடு புதிதாக 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6. எங்காவது 4க்குக் கீழே போய்விட்டது என்று சர்வேயர் எழுதிவிட்டால், முழு இன்சூரன்ஸ் கிடைப்பதும் நல்ல விலைக்கு விற்பதும் சிக்கலாகிவிடும்.

கழிப்பறை

படகுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பத்து நிமிடத்தில் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும், அதனால் நானும் தப்பிக்கவில்லை. பம்ப்-அவுட் என்பது கட்டிலுக்கடியில் பெரிய தொட்டி. நிறைந்ததும் மெஷின் இருக்கிற இடத்துக்குப் படகை ஓட்டிப்போய்க் காசு கொடுத்து உறிஞ்ச விட வேண்டும். கஸெட் என்பது இருபது லிட்டர் அளவிலான பெட்டி; நீங்களே தூக்கிப்போய் எல்சன் என்று பெயர் பலகை வைத்த தொட்டியில் கொட்ட வேண்டும். அது இலவசம், அழகில்லை.

மரீனாவில் இருப்பவருக்குப் பம்ப்-அவுட் சுகமாக இருக்கும், மெஷின் உள்ளேயே இருக்கிறதே. தொடர்பயணிக்கு நான் கஸெட்டையே சொல்வேன். ஜனவரியில் கால்வாய் உறைந்துவிட்டால் படகை நகர்த்த முடியாது. நகர்த்தினால் பனிக்கட்டி அடிப்பூச்சைச் சுரண்டும், பக்கத்தில் ஃபைபர்கிளாஸ் படகு இருந்தால் அதைக் கிழித்தே விடும். கஸெட்டைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டாவது போகலாம். கம்போஸ்ட் கழிப்பறைக்கு ஆதரவாளர்கள் பெருகுகிறார்கள். ஆனால் அரைகுறையாக மக்கியதைப் பையில் கட்டி டிரஸ்டின் குப்பைத் தொட்டியில் போடும் வழக்கத்தை 2021 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். முழுதாக மக்க வைக்கத் தோட்டமோ இடமோ வேண்டும், அது கரையோர இடம் வைத்திருப்பவருக்குத்தான் சாத்தியம்.

அக்கம்பக்கம்

மரீனாவில் அக்கம்பக்கம் நிலையானது. பக்கத்துப் படகின் பூனைக்கும் உங்களைத் தெரியும். நீங்கள் ஊருக்குப் போயிருந்தால் கயிற்றைச் சரிபார்க்க, பார்சல் வாங்கி வைக்க, தண்ணீர்க் குழாய் உறைந்திருக்கிறதா என்று பார்க்க யாராவது இருப்பார்கள். எதிர்ப்பக்கம், நடைமேடையில் துணி காயப்போடக் கூடாது, இந்த நேரத்துக்குப் பிறகு இது கூடாது என்று விதிகள். மூன்றடி தள்ளி இன்னொரு ஜன்னல். அங்கிருப்பவர் இருமினால் உங்களுக்குக் கேட்கும்.

தொடர்பயணிகளின் சமூகம் வேறு மாதிரி. மார்ச்சில் ஒரு லாக்கில் கேட் தள்ளிக் கொடுத்தவரை அக்டோபரில் வேறொரு ஊரில் பார்ப்பீர்கள், பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். கரி, டீசல், கேஸ் சிலிண்டர் ஏற்றிக்கொண்டு வரும் எரிபொருள் படகு குளிர்காலத்தில் கிட்டத்தட்டத் தபால்காரர் மாதிரி. பொருளோடு எந்த லாக் பழுது, யார் உடம்பு சரியில்லாமல் இருக்கிறார் என்ற செய்தியும் அதில்தான் வரும். புரொப்பெல்லரில் துணி சுற்றிக்கொண்டு நடுக்கால்வாயில் நின்றால், முகம் தெரியாத ஒருவர் கத்தியோடு வந்து உதவுவார். அதே கரையில்தான் கூரைமேல் வைத்த சைக்கிள் திருடுபோவதும். நகரத்துப் பாலங்களுக்கடியில் இரவில் தனியாகக் கட்டாமல், இரண்டு மூன்று படகுகள் நிற்கும் இடமாகப் பார்த்துக் கட்டுங்கள்.

கரையோர இடம்

என் ஓட்டு இதற்குத்தான், அதிலும் பாதை இல்லாத எதிர்க்கரைக்கு. ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் தண்ணீர், நடந்துபோகிறவர்கள் தொந்தரவு இல்லை. வாடகை பெரும்பாலும் மரீனாவைவிடக் குறைவு. கிளம்ப வேண்டுமென்றால் கயிற்றை அவிழ்த்தால் போதும். குறைகளும் நிறைய. பல இடங்களில் கரண்ட் இல்லை, குழாய் அரை மைல் தள்ளி இருக்கும், காரை நிறுத்திவிட்டு வயலில் சேற்றோடு நடக்க வேண்டும். வேகமாகப் போகும் படகு எழுப்பும் இழுவையில் உங்கள் படகு கயிற்றோடு முன்னும் பின்னும் ஆடும், அடுப்பில் இருக்கும் சாம்பார் தளும்பும். வேக வரம்பு மணிக்கு 4 மைல். நிற்கும் படகைக் கடக்கும்போது அதைவிடவும் குறைக்க வேண்டும். எல்லாரும் குறைப்பதில்லை.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: மரீனாவானாலும் கரையானாலும், வாடகைக்குக் கிடைக்கும் இடங்களில் பெரும்பாலானவை ‘லெஷர்’ வகை. அங்கே முழுநேரமாகக் குடியிருக்கத் திட்ட அனுமதி இல்லை, அதை வீட்டு முகவரியாகக் காட்டவும் முடியாது. குடியிருப்பு அனுமதி உள்ள இடம் குறைவு, விலை கூடுதல், கவுன்சில் வரியும் வரலாம். முகவரி இல்லை என்பதற்காக டாக்டர் சேர்க்க மறுக்கக் கூடாது. வாக்காளர் பட்டியலிலும் உள்ளூர்த் தொடர்பை அறிவித்துப் பதியலாம். வங்கியும் கார் இன்சூரன்ஸும்தான் தலைவலி.

மூன்றுக்கும் நடுவில் ஒரு சமரசமும் உண்டு. மார்ச் முதல் அக்டோபர் வரை ஓடிவிட்டு, நவம்பர் முதல் பிப்ரவரி இறுதி வரை டிரஸ்ட் தரும் குளிர்கால இடத்தை எடுக்கலாம். லாக் பழுதுவேலைக்காகக் கால்வாய்களை அங்கங்கே மூடுவதும் அந்த மாதங்களில்தான் என்பதால் பெரிதாக எதையும் இழக்கமாட்டீர்கள். முதல் ஆண்டுக்கு இதைச் செய்து பார்த்துவிட்டு அப்புறம் நிரந்தரமாக முடிவு செய்யலாம்.

எந்த வழியானாலும் வரிசையை மாற்றிவிடாதீர்கள். விளம்பரத்தில் ஓர் அழகான இடத்தில் கட்டியிருக்கும் படகைப் பார்த்து மயங்கி, இடமும் சேர்ந்து வருகிறது என்று நினைப்பது வழக்கம். படகு கைமாறும்போது இடம் பெரும்பாலும் கூட வருவதில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் இடத்தின் சொந்தக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.