திருவக்கரை கல்மரப் பூங்கா: வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்

புதுச்சேரியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்க இடம் கேட்டால் பீச் ரோடு, ஊசுட்டேரிக் கரை, பொட்டானிக்கல் கார்டன் என்று மூன்றோடு பேச்சு முடிந்துவிடும். சுமார் 30 கிலோமீட்டரில், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கும் திருவக்கரை தேசியக் கல்மரப் பூங்கா பலர் கணக்கிலேயே இல்லை. பராமரிப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையுடையது.

பூங்கா என்ற பேரை நம்பி ஊஞ்சல், சறுக்குமரம் தேடிப் போகிறவர்கள் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள். இருப்பது செம்மண் தடம், முள்புதர், அங்கங்கே படுத்துக் கிடக்கும் மரத்தடிகள். அவ்வளவுதான். ஆனால் அத்தனை தடியும் கல். வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு.

நின்று பார்த்தால்தான் இந்த இடம் பிடிபடும். ஒரு தடியின் வெட்டுமுகத்துக்கு நேரே குனியுங்கள்: ஆண்டு வளையம், நடுவில் நெஞ்சுக்கட்டை, பக்கவாட்டில் கணு, எல்லாம் மரத்தில் இருப்பதுபோலவே தெரியும். சாய்வான காலை வெயிலில் வளையங்கள் மேடுபள்ளமாக எழும்பி நிற்கும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். முதல் நாள் தூறியிருந்தால் இன்னும் நல்லது, ஈரக்கல்லில் நிறம் பளிச்சென்று பிரியும்.

பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி, "இதை யார் ரம்பத்தால அறுத்தாங்க?" யாரும் இல்லை. கல்லாகிவிட்ட மரம் வளையாது. மண் அழுத்தத்திலும் வெயில் மழையிலும் குறுக்கே விண்டு துண்டு துண்டாகிறது. இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள்: கிளையோ இலையோ எங்கும் இல்லை. இங்கேயே வளர்ந்து சாய்ந்த மரங்களாக இருந்தால் அவையும் கிடந்திருக்கும். வெள்ளத்தில் உருண்டு வந்து மணலில் புதைந்தவை இவை. மணலுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளில் ஒவ்வொன்றாகப் படிந்து இறுகிவிட்டது. புளி, ஆமணக்குக் குடும்ப மரங்களும் இதில் உண்டு.

கடலூர்க்காரர்களுக்கு இதில் சொந்தமே இருக்கிறது. கேப்பர் மலையில் பார்க்கும் அதே செம்பாறைதான் இது. புவியியலில் பேரே 'கடலூர் மணற்கல்'. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பதும் இதே மணற்கல் தொகுதிதான். அங்கே சதுப்பில் அமிழ்ந்த தாவரம் கரியானது, இங்கே மணலில் அமிழ்ந்தது கல்லானது. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த ஒரு ஒப்பீடு போதும். (பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் உண்டு. அது டைனோசர் காலத்தது. இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

நடை குறைவு. பார்த்துப் பார்த்து நடந்தால் முக்கால் மணி நேரம். தடத்தில் சில்லுக்கற்கள் கூர்மையாகக் கிடக்கும். ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, சாப்பிட ஏதாவது கையோடு கொண்டுபோங்கள். பங்குனி முதல் ஆடி வரை பதினொரு மணிக்கு மேல் கைக்குழந்தையோடு போவது வீண் சிரமம். தள்ளுவண்டி செம்மண்ணில் ஓடாது. தடிமேல் ஏற்றி உட்காரவைத்து போட்டோ எடுக்காதீர்கள். விரிசல் கண்ட இடத்தில் சிம்பு உதிரும், காலையும் கிழிக்கும்.

சுற்றிலும் கல்குவாரிகள், அதனால் டிப்பர் லாரியும் புழுதியும் அதிகம். டூவீலரில் பிள்ளைகளோடு போவதைவிடக் காரோ பஸ்ஸோ மேல். பௌர்ணமியன்று திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும், பஸ்ஸில் கால்வைக்க இடமிருக்காது. மற்ற நாளில் முதலில் பூங்கா, பிறகு கோயில் என்று வைத்துக்கொண்டால், நடை சாத்துவதற்குள் சந்திரமௌலீஸ்வரர் சன்னதியில் மும்முக லிங்கத்தையும் பார்த்துவிடலாம்.

பூங்காவை விட்டு வெளியே வரும்போது பிள்ளைகளின் பாக்கெட்டை ஒருமுறை தடவிப் பாருங்கள். கல்மரச் சில்லு ஒன்றாவது இருக்கும். எடுத்துவரக் கூடாது, கிடந்த இடத்திலேயே போடச் சொல்லுங்கள்.