ஸ்லிம் ஸ்ட்ரெயிட் எலக்ட்ரோடு: மாற்று அறுவைக்கு எப்படி?

நுனியின் தடிமன் 0.3 மி.மீ., அடிப்பகுதியின் தடிமன் 0.6 மி.மீ., 22 தொடுமுனைகள், 20 முதல் 25 மி.மீ. வரை ஆழம். காக்ளியர் நிறுவனத்தின் ஸ்லிம் ஸ்ட்ரெயிட் முதல் பொருத்தலில் நல்ல பெயர் எடுத்த எலக்ட்ரோடு, அதாவது காக்ளியர் இம்ப்ளாண்டில் உள்காதின் சுருளான காக்ளியாவுக்குள் போகும் மெல்லிய மின்முனை இழை. பழுதான இம்ப்ளாண்டை எடுத்துவிட்டுப் புதியது வைக்கும் மாற்று அறுவையில் தாழ்சுருதிக் கேட்டலை, அதாவது 125 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை மிச்சமிருப்பதை, இது காக்குமா? பெரும்பாலும் பழைய எலக்ட்ரோடு எது என்பதைப் பொறுத்தது.

காக்ளியாவுக்குள் பழைய எலக்ட்ரோடைச் சுற்றி நார்த்திசு உறை வளர்ந்திருக்கும். புதியது போகவேண்டிய பாதையே அதுதான். பழையதும் வெளிச்சுவரை ஒட்டிய நேர்வகை என்றால், இந்த மெல்லிய எலக்ட்ரோடு அதே உறைக்குள் சுலபமாக வழுக்கிப் போகும். முன்பு 20 மி.மீ.தான் போயிருந்தால் இப்போதும் எலக்ட்ரோடில் உள்ள 20 மி.மீ. வெள்ளைக் குறியிலேயே நிறுத்த வேண்டும். இன்னும் 5 மி.மீ. கிடைக்கிறதே என்று தள்ளினால் உறை முடியும் இடத்தில் புதுக் காயம். மிச்சமுள்ள தாழ்சுருதி செல்கள் இருப்பதும் அந்தப் பக்கம்தான். பழையது காக்ளியாவின் உள்ளச்சை (நடுத்தண்டை) தழுவும் வளைந்த வகை என்றால் நேர்வகை வெளிப்பக்கம் முட்டும், உறை கிழியலாம். அங்கே இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

எலக்ட்ரோடைவிட அறுவையின் படிகளை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம். உள்ளே பழைய கருவி இருக்கும்வரை மோனோபோலார் காட்டரி (மின்சாரம் உடல் வழியே பாயும் மின்சூட்டுக் கருவி) கூடாது, இரு முனைகளுக்கு இடையே மட்டும் பாயும் பைபோலார் மட்டும். எலக்ட்ரோடுக்குப் போகும் ஒயர்மேல் எலும்பு மூடியிருந்தால் ஒயரை இழுக்காமல் டிரில்லால் விடுவிக்க வேண்டும். ஒயரை வெளியே வெட்டிவிட்டு, காக்ளியாவுக்குள் இருக்கும் பகுதியை அப்போதைக்கு அப்படியே விடுவது வழக்கம். புது இம்ப்ளாண்டின் ரிசீவரை, மண்டையோட்டில் அதற்கான இடத்தில் பொருத்தி, எலக்ட்ரோடைக் கையில் தயாராக வைத்துக்கொண்ட பிறகுதான் பழையதை உருவ வேண்டும். உருவியதும் தாமதிக்காமல் நுழைக்க வேண்டும். இடைவெளி விட்டால் காலியான உறை சுருங்கும், ரத்தமும் உள்ளே இறங்கும். காக்ளியாவின் திறப்பு வாயில் சக்ஷன் (உறிஞ்சு குழாய்) வைத்தால் உள்திரவம் போய்விடும். தடை தெரிந்தால் நிறுத்த வேண்டும். அழுத்தினால் நுனி மடங்கும். ஸ்டீராய்டு கொடுப்பது பல இடங்களில் வழக்கம்.

‘கேட்டல் காக்கப்பட்டது’ என்று டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும் வரியை நம்பாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். ஹியர்ரிங் என்ற நிபுணர் குழுவின் அளவுகோலில், மிச்சமான கேட்டல் 75 சதவீதத்துக்கு மேல் காக்கப்பட்டால் முழுமை, 25-க்கு மேல் 75 வரை பகுதி. மாற்று அறுவைக்கு முன் கேட்கத் தேவையான சராசரி ஒலி 70 டெசிபல், பின் 85, ஆடியோமீட்டர் (கேட்டல் அளவி) தரக்கூடிய உச்சம் 115 என்றால்: இழப்பு 15, இழக்கக்கூடியது 45, மீதி 67 சதவீதம். பகுதிதான். முன் அளவு என்பது மாற்று அறுவைக்குச் சற்று முன் எடுத்த ஆடியோகிராம். முதல் பொருத்தலுக்கு முந்தையது அல்ல.

முதல் மாதம் நன்றாக இருந்த கேட்டல் பிறகும் சரியலாம். 6, 12-ஆம் மாதங்களில் இயர்போன் போட்டு மறுபடி அளக்காத மையத்துக்கு நாங்கள் மதிப்பெண் தருவதில்லை.