ஹோம் அசிஸ்டன்ட்: மூன்று நிறுவனக் கருவிகள், ஒரே திரை

சூரியத் தகடுகளின் மின்சாரத்தை வீட்டுக்கேற்றபடி மாற்றும் ஃப்ரோனியஸ் இன்வெர்ட்டர், பின்னர் சேர்த்த, தகட்டுக்கு ஒன்றாகப் பொருத்தும் என்ஃபேஸ் மைக்ரோ இன்வெர்ட்டர்கள், வேறொரு நிறுவனத்தின் பேட்டரி என்று அமைந்த கூரைச் சூரிய மின்னமைப்புக்காக மூன்று செயலிகளைத் திறந்து கூட்டல் போட்டுச் சலித்தவர்களுக்கு, ஹோம் அசிஸ்டன்ட் என்னும் இலவசத் திறமூல மென்பொருள் பெரிய ஆறுதல். ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியிலேயே இயங்கும் இதில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட ஆற்றல் பலகை, உற்பத்தியையும், வெளியிலிருந்து வாங்கிய மின்சாரத்தையும், திருப்பி அனுப்பியதையும், பேட்டரியில் ஏறி இறங்கியதையும் மணிவாரியாக ஒரே திரையில் காட்டுகிறது. ஃப்ரோனியஸும் என்ஃபேஸும் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே தரவு தருவது இதற்குப் பெரும் பலம். ஆனால் பலகை கேட்பது கிலோவாட் மணி, அதாவது மொத்தமாகச் சேர்ந்த மின்சார அளவு. கருவி அந்தந்த நொடியின் வாட் அளவை மட்டும் தந்தால், அதைக் காலப்போக்கில் கூட்டித் தரும் கணக்கீட்டுச் சென்சார் ஒன்றை மென்பொருளுக்குள் நாமே அமைக்க வேண்டும். பேட்டரிக்காக அதைச் செய்ததில் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.